மறுப்பு: மரியாதையாக

மேம்படுத்தல் முடிந்தது என்று திரை சொன்னது. அதன் பிறகு கோகிலவாணி பேசவில்லை.

சென்னியப்பன் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிச் சொருகினார். ஒலியைக் கூட்டினார். கணினியை அணைத்து, நூறு எண்ணி, மறுபடி போட்டார். முப்பத்திரண்டு வருடம் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். எந்தக் கோளாறுக்கும் அவருக்குத் தெரிந்த முதல் வைத்தியம் அதுதான்.

"கோகிலா, இப்பப் பேசு."

மனைவி கட்டிலில் சாய்ந்தபடி அவரைப் பார்த்தாள். இடது காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த வில்லையில் பச்சை விளக்கு மின்னியது. அவள் எதையோ சொல்கிறாள். ஸ்பீக்கரில் சத்தம் இல்லை.

ஆறு வருடத்துக்கு முன் பக்கவாதம். வலது கை போனது. பேச்சும் எழுத்தும் போயின. பிறர் பேசுவது மட்டும் புரிந்தது. மண்டைக்குள் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்றை வைத்தார்கள். அவள் சொல்ல நினைப்பதை அது பிடித்து வில்லைக்குக் கொடுக்கும். வில்லை கூடத்துக் கணினிக்கு அனுப்பும். கணினி அவளுடைய பழைய குரலில் பேசும். கோயம்புத்தூரில் ஒரு சின்ன நிறுவனம் செய்தது. அந்த நிறுவனம் இப்போது இல்லை.

கணினி பழையது. இயங்குதளம் அதைவிடப் பழையது. போன வாரம் வரை அதைத் தொட வேண்டிய தேவை வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். பழைய சுருளை எடுத்துவிட்டுப் புதியது வைப்பார்கள். புதியதற்குக் கணினி வேண்டாம். சந்தைக்குப் போனாலும் பேசலாம். பஸ்ஸில் போனாலும் பேசலாம். நோயாளி தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும் என்று மருத்துவமனை ஒரு படிவம் அனுப்பியிருந்தது. பழைய இயங்குதளத்தில் படிவம் திறக்கவில்லை. அதற்காகத்தான் மேம்படுத்தினார்.

சம்மதம் போன மாதமே கேட்டாயிற்று.

"ஆபரேஷன் பண்ணிக்கலாமா, கோகிலா?"

"உங்க இஷ்டமுங்க" என்றது கணினி, அவள் குரலில்.

அதைப் பதிவு செய்ய வேண்டியதுதான் பாக்கி.

சாதனங்களின் பட்டியலைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் முக்கோணம். பக்கத்தில் 'அறியப்படாத சாதனம்' என்று எழுதியிருந்தது. அதை நீக்கினார். மறுபடி போட்டார். மறுபடியும் அறியப்படாத சாதனம். பழைய இயங்குதளத்துக்கே திரும்பலாம் என்று பார்த்தார். அதற்கான இடம் வன்வட்டில் இல்லாததால் பழைய கோப்புகள் அழிக்கப்பட்டன என்று திரை பணிவோடு தெரிவித்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் ஓட்ஸ் கஞ்சி கொண்டுவந்தார். அவள் தலை இடமும் வலமும் ஆடியது. தினமும் ஆடும். தலையாட்டலை நம்பாதீர்கள் என்று டாக்டர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். இந்த மாதிரி பாதிப்பில் ஆமாவும் இல்லையும் இடம் மாறி வரும். கருவி சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அவர் ஊட்டினார். பச்சை விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது.

*

பத்து மணிக்கு நஸ்ரீன் வந்தாள். பொள்ளாச்சியில் வீட்டுக்கு வந்து கணினி பார்ப்பவர்கள் மூன்று பேர். மற்ற இருவரும் கணினியின் வயதைக் கேட்டதும் வர மறுத்துவிட்டார்கள். நஸ்ரீனுக்கு நாற்பது வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரையைப் பார்த்தாள்.

"டிரைவர் போயிருச்சுங்கய்யா."

"எங்க போச்சு?"

"இங்கதான் இருக்குது. பழைய சிஸ்டத்துக்கு எழுதுனது. புதுசு அதைச் சேத்துக்க மாட்டேங்குது."

"டிரைவர்ன்னா என்னம்மா, பியூஸ் மாதிரியா?"

"கல்யாணத் தரகர் மாதிரிங்க. அம்மா தலையில இருக்கறது ஒரு பாஷை பேசும். கம்ப்யூட்டருக்கு வேற பாஷை. நடுவுல ஒருத்தர் நின்னு, அங்க கேட்டதை இங்க சொல்லோணும்."

"தரகரு கேட்டதை அப்படியேவா சொல்லுவாரு?"

"எங்க வீட்டுக்கு வந்தவரு சொல்லலீங்க" என்றாள். "மாப்பிள்ளை அஞ்சே முக்கால் அடின்னாரு. நிக்காஹ் அன்னைக்குத்தான் பார்த்தேன்."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். புதிய இயங்குதளத்தோடு ஒரு பொது டிரைவர் வந்திருக்கிறது, எந்தச் சுருளுக்கும் ஓரளவு பொருந்தும், இப்போதைக்கு அதைப் போடலாம் என்றாள். நாலைந்து முறை எதையோ அழுத்தினாள். மஞ்சள் முக்கோணம் மறைந்தது.

"சென்னியப்பன்."

ஆண் குரல். ரயில் நிலையத்தில் வண்டி வருவதைச் சொல்லும் குரல்.

அவர் வாசலைப் பார்த்தார்.

"சென்னியப்பன்."

"யாரும்மா அது?"

"அம்மாதாங்க. பொது டிரைவர்ல அம்மாவோட குரல் இருக்காது. எனக்கு, உனக்குங்கற உருபெல்லாம் சரியா வராது. வார்த்தை மட்டும் வரும்."

"அவ எம் பேரைச் சொல்ல மாட்டாளே."

முப்பத்தைந்து வருடத்தில் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டைக் காட்டுவாள். சென்னிமலை அவளுக்கு 'அந்த மலை'. சென்னையைக்கூட மெட்ராஸ் என்பாள். கணக்கு டீச்சர். பிள்ளைகள் இந்த விஷயம் தெரிந்து, தலைநகரம் எது டீச்சர் என்று வேண்டுமென்றே கேட்பார்கள்.

"சென்னியப்பன். கஞ்சி. வேண்டாம்" என்றது ஆண் குரல்.

நஸ்ரீன் சிரிப்பை அடக்கினாள். அடங்கவில்லை.

"என்னம்மா சொல்லுது இது?"

"கஞ்சி வேண்டாமாம்."

"ஆறு வருஷமா அதைத்தான் குடிக்கறா. ஒரு நாளும் வேண்டாம்னதில்லை. கேட்டா உங்க இஷ்டமுங்கம்பா." அவர் ஸ்பீக்கரைச் சந்தேகமாகப் பார்த்தார். "இது தப்பாப் படிக்குது. வேற யாரோடதையோ படிக்குது. பழசையே கொண்டாம்மா. வெள்ளிக்கிழமை ஆசுபத்திரிக்காரங்க கேக்கறப்ப இந்த ஆளு பேசுனா நல்லாவா இருக்கும்?"

"வேண்டாம்" என்றது ஆண் குரல்.

எது வேண்டாம் என்று யாருக்கும் தெரியவில்லை. நஸ்ரீன் ஒலியைக் குறைத்தாள்.

*

பீரோவில், கோகிலவாணியின் பணி ஓய்வு ஆணைக்கு அடியில், நிறுவனம் கொடுத்த பென் டிரைவ் இருந்தது. புதன்கிழமை நஸ்ரீன் அதைக் கொண்டு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினாள். நிறுவனத்தின் மின்கையெழுத்து இல்லாத டிரைவரை ஏற்க மாட்டேன் என்றது இயங்குதளம். அந்தச் சோதனையை நிறுத்திவைத்துவிட்டுக் கணினியை மறுபடி போட்டாள். ஏற்றது. ஆனால் சாதனம் கிடைக்கவில்லை என்றது. வில்லை அனுப்புவதை வாங்கும் பெட்டியின் வயரைக் கணினியின் வேறொரு துளையில் சொருகினாள். கிடைத்தது.

"ஏனுங்க" என்றது கணினி.

கோகிலவாணியின் குரல். லேசான மூக்கடைப்போடு.

சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வந்துட்டியா" என்றார். பிறகு நஸ்ரீனுக்கு நிரூபிப்பவர்போல், "கோகிலா, கஞ்சி கொண்டாரட்டுமா?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டமுங்க."

"பார்த்தியாம்மா?"

நஸ்ரீன் திரையைப் பார்க்கவில்லை. கோகிலவாணியைப் பார்த்தாள். தலை இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது.

"அய்யா, நேத்து வேண்டாம்னாங்க."

"நேத்து அது தப்பாப் படிச்சுது."

"பொது டிரைவருக்குத் தப்பாப் படிக்கற அளவுக்குக்கூட அறிவு கெடையாதுங்க. வர்றதை அப்படியே துப்பும்."

அவள் பழைய டிரைவரின் கோப்புகளைத் திறந்தாள். ஒன்றில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் ஒழுங்கில்லாமல் கிடந்தன. கெட்டுப்போன கோப்பு என்றார் அவர். இல்லை, பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது என்றாள். பென் டிரைவிலேயே அந்த எழுத்துருவும் இருந்தது. போட்டதும் தமிழானது.

இரண்டு பத்திகள். இடது பக்கம் 'வருவது'. வலது பக்கம் 'சொல்வது'.

வேண்டாம் — உங்க இஷ்டமுங்க.

தெரியலை — நீங்க சொன்னாச் சரிதானுங்க.

பிடிக்கலை — பரவாயில்லீங்க.

சென்னியப்பன் — ஏனுங்க.

இன்னும் நாற்பது வரிகள் இருந்தன. கீழே ஒரு பெயரும் கைபேசி எண்ணும். 'சந்தேகம் இருப்பின் அழைக்கவும், தேவசகாயம்.'

சென்னியப்பன் நான்காவது வரியில் தன் பெயரை மறுபடி படித்தார். தன் பெயரை இந்தக் கோப்புக்கு யார் சொன்னது என்று அவருக்குப் புரியவில்லை.

*

தேவசகாயத்துக்கு வயதாகியிருந்தது. பேச்சில் மூச்சு வாங்கியது. ஆனால் பொள்ளாச்சி, டீச்சர், பக்கவாதம் என்றதும் நினைவு வந்துவிட்டது.

"டீச்சரம்மா சௌக்கியமுங்களா? ஏழாவது ஆளு அவங்க. மொத்தமே பத்தொம்பது பேருக்குத்தான் வெச்சோம்."

"அந்தக் கோப்பு என்னங்க அது? ரெண்டு பத்தியா இருக்குதே?"

"மரியாதை அட்டவணைங்களா? அது மொதல்ல கெடையாது. வாய் வரைக்கும் வந்து நிக்கற பேச்சையுஞ் சேத்துச் சுருள் புடிச்சுக்கும். நாம மனசுல மாமியாரை என்னன்னு கூப்படறோம், வாயில என்னன்னு கூப்படறோம்? நாக்கு நடுவுல மாத்தீரும். இவங்களுக்கு நாக்கு இல்லையே. மனசுல இருக்கறது அப்படியே ஸ்பீக்கர்ல வந்துருச்சு. மூணு குடும்பம் சண்டைக்கு வந்துட்டாங்க. எம் பொண்டாட்டி வந்தவங்க முன்னால என்னைப் பேரு சொல்லிக் கூப்படறா, மெசின் கெட்டுப்போச்சுன்னு. கோயமுத்தூர்ல கம்பெனி வெச்சுட்டு மரியாதை இல்லாத மெசின் விக்க முடியுங்களா?"

"அதுக்காக மாத்திச் சொல்றதா?"

"நாங்களா மாத்தலீங்க. நீங்க சொல்லித்தான்."

"நானா?"

"முப்பத்திரண்டு கேள்வியோட ஒரு பாரம் குடுத்தமே. குடும்பப் பேச்சு வழக்கம். கணவர் பேரைச் சொல்ற வழக்கம் உண்டா, இல்லையா. மறுப்பு சொல்றது நேரடியாவா, மரியாதையாவா. நீங்கதானே டிக் அடிச்சீங்க?"

அவருக்கு நினைவு வந்தது. மருத்துவமனை வராந்தா. அட்டையில் சொருகிய தாள். கோகிலவாணி உள்ளே மயக்கத்தில் இருந்தாள். நேரடியாக, மரியாதையாக. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தார். எல்லாவற்றுக்கும் மரியாதையான பக்கமே டிக் அடித்தார்.

"எல்லாருந்தானுங்க அடிச்சாங்க" என்றார் தேவசகாயம். "பத்தொம்பது பேரும். மரியாதை வேண்டாம்னு எந்த வீட்டுல எழுதுவாங்க?"

"அவ நெசமா என்னென்ன சொன்னான்னு எங்கயாச்சும் பதிவு இருக்குதுங்களா?"

"இல்லீங்க. சொன்னதோட போச்சு."

"அப்ப உங்க இஷ்டம்னு அவ சொன்னது பூராவும் வேண்டாமுங்களா?"

தேவசகாயம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"அப்படியும் சொல்ல முடியாதுங்க. நெசமாவே உங்க இஷ்டம்னு நெனச்சிருந்தாலும் அதேதான் வந்திருக்கும்."

நஸ்ரீன் கைபேசியை நோக்கிக் குனிந்து, புதிய சுருளில் இப்படி ஒரு அட்டவணை உண்டா என்று கேட்டாள்.

"இருக்கும், கண்ணு. புதுக் கம்பெனிக்காரங்க எங்ககிட்ட இருந்துதான் வாங்கிட்டுப் போனாங்க. ஆனா அதுல எல்லாமே தலைக்குள்ள. இப்ப நீ தொறந்து படிச்ச மாதிரி படிக்க முடியாது."

*

நஸ்ரீன் இரண்டு டிரைவரையும் வைத்துவிட்டுப் போனாள். திரையில் இரண்டு பெயர்கள். எதைத் தொட்டாலும் அது வேலை செய்யும்.

"எது வேணுமோ வெச்சுக்கங்கய்யா" என்றாள் வாசலில். பிறகு, "அம்மாகிட்ட கேட்டுக்கங்க" என்று திருத்திக்கொண்டாள்.

வியாழன் காலை அவர் கஞ்சி வைக்கவில்லை. பழைய டைரியை எடுத்து, ஆறு வருடத்தில் அவளிடம் கேட்டவற்றை எழுதத் தொடங்கினார். பணி ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா. உங்க இஷ்டமுங்க. கட்டிலைக் கூடத்துக்கு மாற்றட்டுமா. உங்க இஷ்டமுங்க. உன் தங்கச்சி வந்து ஒரு மாசம் இருக்கிறேன் என்கிறாள், நமக்கு எதற்குத் தொந்தரவு, வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா. உங்க இஷ்டமுங்க. முடியைக் கத்தரித்துவிடலாமா.

பதினான்காவதில் பேனா நின்றது.

பக்கவாதத்துக்கு முன்னால் எந்தச் சுருளும் இல்லை. எந்த டிரைவரும் இல்லை. அவளுக்கு வாய் இருந்தது. இருபத்தொன்பது வருடம் அந்த வாயால் அவள் சொன்னதும் 'உங்க இஷ்டமுங்க'தான். பொள்ளாச்சிக்கு மாற்றல் வாங்கலாமா என்று கேட்டபோது அதைத்தான் சொன்னாள். ஒரு குழந்தையோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டபோதும் அதைத்தான் சொன்னாள்.

டைரியை மூடினார். அவளைப் பார்த்தார். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பொது டிரைவரைத் தொட்டார்.

"கோகிலா. நாளைக்கு ஆபரேஷன். பண்ணிக்கறதா?"

பச்சை விளக்கு மின்னவில்லை. அவர் காத்திருந்தார். தெருவில் கோலமாவுக்காரர் கூவிக்கொண்டு போனார்.

"சென்னியப்பன்" என்றது ஆண் குரல்.

"ம்."

"பயம்."

"யாருக்கு?"

"நான்."

அவள் பயப்படுவாள் என்று அவர் நினைத்ததில்லை. பயம் என்ற சொல்லை அவளிடமிருந்து கேட்டதில்லை. அட்டவணையில் அது எந்த வரி, அது என்னவாக மாறி வந்துகொண்டிருந்தது என்று யோசித்தார்.

"அப்ப வேண்டாமா?"

"சந்தை. பேச்சு. ஆசை."

"அப்ப வேணுமா?"

விளக்கு மின்னியது. நின்றது. மறுபடி மின்னியது.

"தெரியவில்லை" என்றது ரயில் நிலையக் குரல், வண்டி தாமதம் என்பதைப்போல.

"எனக்குந் தெரியலை" என்றார்.

மருத்துவமனைக்குப் போன் செய்தார். எடுத்த பெண் கேட்டுக்கொண்டாள்.

"சார், ஆமா, இல்லை ரெண்டு கட்டந்தான் இருக்குது. அம்மா எதைச் சொன்னாங்க?"

"தெரியலைன்னு சொன்னா."

"அப்படி ஒரு கட்டம் இல்லைங்க சார்."

"அப்ப நாளைத் தள்ளி வெச்சுக்கங்க."

"இனி நாலு மாசம் ஆகுங்க. அதுக்கும் படிவத்தோட விவரப் பகுதியை இன்னைக்கே அனுப்பினாத்தான் வரிசையில வைக்க முடியும். ஒண்ணும் சிரமம் இல்லைங்க. பழைய பதிவுல இருந்து நாங்களே நிரப்பிட்டோம். கீழ போயி சரின்னு அழுத்துங்க, போதும்."

படிவத்தைத் திறந்தார். குடும்பப் பேச்சு வழக்கம். முப்பத்திரண்டு கேள்விகள். எல்லாவற்றிலும் டிக் விழுந்திருந்தது. மறுப்பு: மரியாதையாக.

ஒவ்வொரு டிக்காக எடுத்தார். ஒற்றை விரலால் செய்ததில் நேரம் பிடித்தது. பிறகு நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மாட்டினார்.

"கோகிலா, மொதக் கேள்வி. கணவர் பேரைச் சொல்ற வழக்கம் உண்டா?"

பச்சை விளக்கு மின்னியது.

"சென்னியப்பன்."

அது பதிலா, கூப்பிட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. திரையில் இருந்த படிவத்தை விட்டு அவள் பக்கம் திரும்பி, "சொல்லு" என்றார்.